கதவோரத்து நாற்காலி

வாசலில் கட்டியிருக்கும் வாழைமரத்தின் இலையைக் கிள்ளிப் பார்த்துவிட்டுத்தான் கங்காதரன் எந்த ஓட்டலுக்குள்ளும் கால் வைப்பான். கட்டைவிரலுக்கும் பாதியோடு நின்றுபோன ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இலையை வைத்து நசுக்குவான். சாறு கசிந்தால் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போவான். சருகாக நொறுங்கினால், "வாணாம்டா மச்சான், இது பழசாயிடிச்சி" என்று வந்த வழியே திரும்பிவிடுவான். பசியோடு நிற்கிற கூட்டாளிகள் இரண்டு பேரும் முனகிக்கொண்டே அவன் பின்னால் அடுத்த வாழைமரத்தைத் தேடிப் போக வேண்டும்.

திறப்பு விழா நடந்து, வாழைமரம் வாடுவதற்குள் போய்ச் சாப்பிட்டுவிட வேண்டும். இது அவன் போட்ட சட்டம். ஒருமுறை போன ஓட்டலுக்கு மறுமுறை போகக் கூடாது. இதுவும் அவன் போட்டதுதான். ஏன் என்று நான் கேட்டால், "புது ஓட்டல்லதான் பெரிம்மா மனசு வெச்சிப் போடுவான். கல்லா நெறஞ்சப்பால கறித் துண்டு சின்னதாயிடும்" என்று சொல்வான்.

கங்காதரன் என் கொழுந்தனார் மகன். ஐம்பத்தைந்தைத் தாண்டிவிட்டான். அம்பத்தூர் எஸ்டேட்டில் தகட்டை அழுத்தி வெட்டுகிற பிரஸ் கம்பெனியில் இளவயதில் நுழைந்தவன் இன்னும் அங்கேதான் இருக்கிறான். அரைவிரல் அந்த மெஷினுக்குப் போனது. தலையில் முடி போய் வெகுகாலமாகியும் சட்டைப்பையில் சீப்பு வைத்திருப்பான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டைதான். ஓட்டல் கண்ணாடிக் கதவில் மூக்கை ஒட்டி உள்ளே பார்ப்பான். ஏசி போட்டிருந்தால், நடுரோடு என்றுகூடப் பார்க்காமல் பெல்ட்டைத் தளர்த்திச் சட்டையை பேண்டுக்குள் செருகுவான். ஏசி இல்லையென்றால் வெளியே விட்டபடியே போவான். "அவன் மரியாதிக்கு ஏசி போட்டுக்கிறான், நம்ம மரியாதிக்கு நாம இன் பண்ண வாணாமா?" என்பான்.

உள்ளே போன பிறகும் உடனே உட்கார மாட்டான். கழிவறை தேடுகிற மாதிரி மாடிப்படி ஏறி இறங்குவான். மாடியில் பார் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அது. இருந்தால் வாழைமரம் எவ்வளவு பச்சையாக இருந்தாலும் வெளியே வந்துவிடுவான். இல்லையென்றால் மேசைக்கு வருவான். கதவுப் பக்கத்து நாற்காலியில் அவன் உட்காருவான். சுவர் ஓரத்து நாற்காலியில் வேம்புலியை உட்கார வைப்பான். வேம்புலி எழுந்து வெளியே போக வேண்டுமென்றால் கங்காதரன் முதலில் எழுந்து வழிவிட வேண்டும்.

வேம்புலி எனக்கு மருமகன் முறை. என் கடைசித் தங்கை மகள் ராஜகுமாரியின் வீட்டுக்காரர். வயதில் என்னைவிட எவ்வளவோ சின்னவர் என்றாலும் மாப்பிள்ளையை அவன் இவன் என்று எழுத எனக்குக் கை வராது. இந்த வரனைக் கொண்டுவந்ததே கங்காதரன்தான். தங்கச்சி முறைக்காரிக்கு மாப்பிள்ளை பார்க்கிறேன் என்று கிளம்பி, தன் மெஷினுக்குப் பக்கத்து மெஷினில் நின்றவரைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான். "தங்கமான பையன் பெரிம்மா" என்றான். அவன் சொன்ன சொல்லுக்குத்தான் பெண்ணைக் கொடுத்தோம். தங்கமானவர்தான், அதில் பொய்யில்லை. அந்தத் தங்கத்தை ஒரு போனஸ் நாளில் முதன்முதலாக ஒயின்ஷாப்புக்கு அழைத்துப் போனதும் கங்காதரன்தான்.

இவன் சில வருஷம் குடித்தான். விரல் போன அன்றோடு விட்டான். அவருக்கு விடவில்லை. வேலை போனது, வேறு வேலை கிடைத்தது, அதுவும் போனது. போன வருஷம் ஆடியில் ராஜகுமாரி மகள் நிவேதிதாவை அழைத்துக்கொண்டு கோவில்பதாகையில் இருக்கும் அண்ணன் வீட்டோடு போய்விட்டாள். அதற்கப்புறம்தான் வேம்புலி ஆஸ்பத்திரியில் சேர்ந்து வைத்தியம் பார்த்துக்கொண்டார். வெளியே வந்தபோது ஆள் பாதியாக இருந்தார். ராஜகுமாரி என் முன்னால்தான் சொன்னாள். "தை பொறக்கட்டும் பெரிம்மா. அதுவரைக்கும் தொடாம இருந்தார்னா நானே ஊட்டுக்கு வந்து பொங்க வெக்கிறேன். ஒரே ஒரு வாட்டி தொட்டாருன்னு காதுல உழுந்தாலும் சரி, இந்தப் பேச்சு அத்தோட முடிஞ்சிது."

அன்றைக்குக் கங்காதரனும் கூடத்தில் நின்றுகொண்டிருந்தான். போகிறபோது, "நான்தான் இட்டுகினு போனேன். நான்தான் இட்டுகினு வரணும்" என்றான்.

மற்ற நாளில் வேம்புலிக்கு பெயிண்ட் அடிக்கிற பட்டறையில் வேலை இருந்தது. உடம்பு அசந்து படுத்துவிடுவார். ஞாயிறு சாயங்காலம்தான் கண்டம். பழைய கூட்டாளிகள் எல்லாம் அந்த நேரத்தில்தான் வருவார்கள். பழகிய ஓட்டல்களில் பழகிய முகங்கள் இருக்கும். ஆகையால்தான் புது ஓட்டல். வாழைமரம் வாடாத கடைக்குப் பழைய ஆட்கள் இன்னும் வந்திருக்க மாட்டார்கள் என்பது கங்காதரனின் கணக்கு. கறித்துண்டு பெரிதாக இருப்பது அதற்கு மேல் ஒரு லாபம்.

மூன்றாவது ஆள் யூசுப். பூந்தமல்லியில் மெத்தைக்கடை வைத்திருக்கிறான். மெத்தை ஏற்றுகிற லோடு ஆட்டோவில்தான் இவர்கள் ஊர்வலம். பின்னால் ஒரு பழைய மெத்தையை விரித்து வைத்திருப்பான். வேம்புலி அதில் சாய்ந்துகொண்டு, "மாப்பிள்ள அழைப்பு மாதிரி கீது மாமே" என்பார். யூசுப் ஓட்டலுக்குள் போனதும் கறி எங்கே வாங்குகிறார்கள் என்று சமையல்கட்டு வரைக்கும் போய் விசாரிப்பான். திருப்தியானால் உட்காருவான், இல்லையென்றால் சைவத்துக்கு மாறிவிடுவான். எதைத் தின்றாலும் அவனுடைய மாமியார் வஹீதுன்னிசா கைப்பக்குவத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பான். மாமியார் இதுவரை எந்த ஓட்டலிடமும் தோற்றதில்லை.

குத்தம்பாக்கத்தில் பஸ் நிலையம் வருகிறது என்று நம்பித் திறந்த கடைகளில் பாதியை இவர்கள் பார்த்துவிட்டார்கள். பூந்தமல்லியில் ஒரே தாம்பாளத்தில் சோறும் கறியும் கொட்டி நடுவில் வைக்கிற அரபுச் சாப்பாட்டுக் கடைக்குப் போனபோது சங்கடமாகிவிட்டது. அங்கே நாற்காலியே இல்லை. தடுப்பு அறைக்குள் தரையில் சுற்றி உட்கார வேண்டும். கங்காதரன் அறைக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டான். பரிமாறுகிறவன் ஒவ்வொரு தடவை கதவைத் திறக்கும்போதும் இவன் தாம்பாளத்தின் மேல் கவிழ்ந்தான். "மாமே, வேம்புலி ஓடிப் போவறதுக்குள்ள நீ சோத்துல உழுந்து செத்துருவ" என்று யூசுப் சொன்னானாம்.

அம்பத்தூரில் சப்பான்காரன் மாதிரி குச்சியில் எடுத்துத் தின்கிற சேமியாக் கடை ஒன்று வந்தது. யூசுப்புக்குக் குச்சி நிற்கவில்லை. வேம்புலிக்கு நடுக்கம். கங்காதரன் கையில் மட்டும் அந்த அரைவிரல் இடுக்கில் குச்சி வந்து கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. ஒரு இழைகூடச் சிந்தாமல் தின்றான். வேம்புலி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "மச்சான், அந்த மிசினு இத்த மனசுல வெச்சித்தான் உன் வெரல வெட்டிகீது" என்றார். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று கங்காதரன் என்னிடம் வந்து சொன்னான். சொல்லும்போது அந்த விரலைத் தடவிக்கொண்டிருந்தான்.

ஓட்டல் மட்டுமில்லை, அதற்கு முன்னால் கண்காட்சிகளில் படம் பார்க்கவும் போவார்கள். அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். இரவுச் சாப்பாடு ஏழு மணிக்கு மேல்தான். கண்டம் ஐந்து மணிக்கே ஆரம்பித்துவிடுகிறது. நடுவில் இருக்கிற நேரத்தை எங்கே கொண்டு போய் வைப்பது? சினிமா தியேட்டரில் இடைவேளையில் வெளியே போக வேண்டும். பார்க்கில் பழைய கூட்டாளிகள். ஒருநாள் எங்கள் கள்ளிக்குப்பம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வரைந்த படங்களை வைத்திருந்தார்கள். மழைக்கு ஒதுங்கியவர்கள் உள்ளே போனார்கள். வெளிச்சம், மின்விசிறி, குடிக்கத் தண்ணீர், யாரும் போகச் சொல்லவில்லை. கங்காதரனுக்கு அப்போதே மனதில் பட்டுவிட்டது. "படம் பாக்குற எடத்துல எவனும் வந்து, ஒரு கட்டிங் போடலாமா தலீவான்னு கேக்க மாட்டான் பெரிம்மா" என்றான்.

அதற்குப் பிறகு எங்கே படம் மாட்டினாலும் போனார்கள். ஆவடியில் போட்டோ கண்காட்சி. மேம்பாலத் தூண்களில் பிள்ளைகள் வண்ணம் தீட்டிய நாளில் வேடிக்கை. அம்பத்தூரில் காபிக்கடை ஒன்றில் களிமண் பிசையச் சொல்லிக்கொடுத்தார்கள், அதற்கும் போனார்கள். யூசுப் யானை செய்தான், அது மெத்தை மாதிரி வந்தது. வேம்புலி நீளமாக ஒரு டம்ளர் செய்தார். அழகாக வந்திருந்ததாம். கங்காதரன் அந்த டம்ளரையே பார்த்திருக்கிறான். வேம்புலி அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு உள்ளங்கையால் டம்ளரைத் தட்டித் தட்டையாக்கித் தட்டாகச் செய்துவிட்டார். "தண்ணி குடிக்கத்தான்டா மச்சான் செஞ்சேன்" என்றாராம். இதைக் கங்காதரன் என்னிடம் சொல்லவில்லை. யூசுப்தான் சொன்னான்.

கண்காட்சிக்குள் நுழைவதற்கு முன்னால் கங்காதரன் மூன்று பேர் செல்போனையும் வாங்கி ஊமையாக்கிவிட்டுத் திருப்பிக் கொடுப்பான். "கோயில்ல செருப்பு கயட்டல? அந்த மாதிரி" என்பான். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொள்வான். ஒருமுறை ஈரம் காயாத படத்தைத் தொட்டுவிட்டான். அரைவிரல் ரேகை அதில் பதிந்துவிட்டது. அன்று முதல் தன் கையைத் தானே பிடித்துக்கொள்கிறான். ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் குனிந்து மூலையில் இருக்கும் பெயரைச் சத்தமாகப் படிப்பான். வரைந்தவர் பக்கத்தில் நின்றால், "இது எத்தினி நாள் வேல?" என்று கேட்பான். அழகாக இருக்கிறது, இல்லை என்றெல்லாம் பேச மாட்டான். நாள் அதிகமென்றால் இன்னொரு தடவை பார்ப்பான்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். ஆவடியில் ஒரு கல்யாண மண்டபத்தின் கீழ்த்தளத்தில், ஓவியம் படிக்கிற பிள்ளைகள் படம் மாட்டியிருந்தார்கள். மூன்று கட்டடம் தள்ளிப் புதுக்கோட்டைக்காரர் ஒருவர் மண்சட்டிச் சாப்பாட்டுக் கடை திறந்திருந்தார். வண்டியில் இருந்தே வாழைமரத்தைக் காட்டி, "பாரு பெரிம்மா, என்னா பச்ச!" என்றான் கங்காதரன். யூசுப் எனக்கு முன் சீட்டு கொடுத்தான். மற்ற இரண்டு பேரும் மெத்தையில் வந்தார்கள். வேம்புலி முகம் தெளிந்து இருந்தது. தைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். புதுப்பானை வாங்கி வைத்துவிட்டேன் என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். வழக்கம்போல செல்போன்கள் ஊமையாயின. உள்ளே போனோம்.

ஆடு மாடு, ஏரி, பூக்காரி என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனோம். கோடியில் பெரிதாக ஒரு படம் இருந்தது. கங்காதரன்தான் முதலில் போய் நின்றான். "டேய் மச்சான், இங்க வாடா! நம்ம பஸ் ஸ்டாப்பு எதிர்ல கீதே, அந்த ஒயின்ஷாப்பு. சொவுத்துல எச்சித் துப்புன கறகூட உடல பாரு! இந்த ஆளு படியில குந்திகினு கீறான் பாரு, அப்படியே…"

அத்தோடு நிறுத்திவிட்டான்.

படியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தலை தொங்கியிருந்தது, முகம் தெரியவில்லை. நீலக் கம்பெனிச் சட்டை. ஒரு காலில்தான் செருப்பு. மடியில் ஒரு ஒயர் கூடை. பச்சையும் மஞ்சளும் கலந்து பின்னியது, நடுவில் ஒரு கறுப்பு வரி. வேம்புலி டிபன் கொண்டுபோகப் பின்னும்போது கறுப்பு ஒயர் தீர்ந்துபோய், கடைசி முடிச்சுகளை ராஜகுமாரி சிவப்பில் போட்டு முடித்தாள். அப்போது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சிவப்பு முடிச்சையும் படத்தில் விடவில்லை.

வேம்புலி எங்களுக்குப் பின்னால் வந்து நின்றார். அந்த நேரம் பார்த்து, படம் வரைந்த பெண் சிரித்துக்கொண்டே வந்தாள். பவ்யா என்று பெயர். எங்களை நல்ல ரசிகர்கள் என்று நினைத்துவிட்டாள்.

"காலேஜ் பஸ்ஸுக்கு நிக்கும்போது டெய்லி பாப்பேன் அங்கிள். இந்தத் தாத்தா எவ்ளோ குடிச்சிருந்தாலும் சரி, கீழயே விழுந்தாலும் சரி, அந்தக் கூடைய மட்டும் கீழ வெக்கவே மாட்டாரு. ரெண்டு கையாலயும் புடிச்சிருப்பாரு. அதுக்காகத்தான் வரைஞ்சேன்."

கங்காதரன் வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்கவில்லை. அந்தப் பெண் பக்கத்துப் படத்தைக் காட்டி ஏதோ சொன்னாள். மரியாதைக்கு நாங்கள் அதைப் பார்த்தோம். திரும்பியபோது வேம்புலி நின்ற இடத்தில் அவர் இல்லை.

வாசலுக்கு ஓடினோம். தெரு நிறைய ஜனம். வலது பக்கம் கொஞ்ச தூரத்தில் ஒயின்ஷாப் விளக்கு தெரிந்தது. கங்காதரன் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. "எடுக்க மாட்டேங்கிறான் பெரிம்மா" என்றான். மறுபடி போட்டான். அந்தப் போனை ஊமையாக்கிக் கொடுத்தது தன் கைதான் என்பது அவனுக்கும் நினைவில்லை, எங்களுக்கும் நினைவில்லை. யூசுப்பை பஸ் ஸ்டாண்டு பக்கம் துரத்திவிட்டு, விளக்கைப் பார்த்து ஓடினான்.

மண்டப வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்கார வைத்திருந்தார்கள். புதுப்பானை கண்ணுக்குள்ளேயே நின்றது. பவ்யா வந்து, "நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா பாட்டி?" என்று கேட்டாள். முகம் வாடியிருந்தது. "ஒண்ணும் இல்லம்மா. உள்ளது உள்ளபடி போட்டிருக்கே" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

யூசுப் முதலில் திரும்பினான், தனியாக. பிறகு கங்காதரன் வந்தான். அவனும் தனியாகத்தான். சட்டை ஒரு பக்கம் பேண்டுக்குள்ளும் ஒரு பக்கம் வெளியிலும் இருந்தது. தலையெல்லாம் வேர்வை.

"கடைக்குள்ள போயிட்டேன் பெரிம்மா. மூலைமூலையா பாத்தேன். ஒருத்தன், இன்னா அண்ணாத்தே, ரொம்ப நாளா காணோம், குந்துன்னு சேர இழுத்துப் போடறான். அப்பால அந்தாண்ட இருக்கிற இன்னொரு கடைக்கும் போனேன். இல்ல." மூச்சு வாங்கினான். "அன்னிக்கும் நான்தான் இட்டுகினு போனேன். இன்னிக்கு இந்தப் படத்துக்கும் நான்தான் இட்டாந்தேன்."

"ராஜியாண்ட இன்னா சொல்லப் போறே?" என்று கேட்டான் யூசுப்.

"வாய மூடுறா."

யூசுப் வாயை மூடுகிற ஆள் இல்லை. "மாமே, பெரிம்மா எம்மாம் நேரம் இப்படிக் குந்தினு கெடக்கும்? ஓட்டலாண்ட இட்டுகினு போயி ஒரு வாய் காப்பித் தண்ணி வாங்கிக் குடுப்போம். நீ அப்பால தேடு."

"சோறு ஒண்ணுதான்டா உனக்கு."

"ஆமாடா, எனக்கு சோறுதான். உனக்கு அழுவணும்னா அழுவு. குந்திகினு அழுவு."

இரண்டு பேரும் திட்டிக்கொண்டே என்னை நடுவில் விட்டு நடத்திக்கொண்டு போனார்கள். வாழைமரத்தைத் தாண்டினோம். கங்காதரன் இலையைக் கிள்ளவில்லை. அவன் கண் தெருவிலேயே இருந்தது.

கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் உள்ளே இருந்து சத்தம் கேட்டது. "ஆளு வருது சார்! வந்துகினே கீறாங்க சார்! வயசானவங்க சார், மெள்ளத்தான் வருவாங்க!"

வேம்புலி. நாலு பேர் உட்காருகிற மேசைக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டு, ஒரு குடும்பத்தையே மறித்துக்கொண்டிருந்தார். கதவோரத்து நாற்காலியில் அவர் துண்டு கிடந்தது. பக்கத்து நாற்காலியில் கைக்குட்டை. எதிர்ப்பக்கம் ஒன்றில் கண்ணாடிக்கூடு. அதற்கு உள்ளே, சுவரோரத்து நாற்காலியில் அவருடைய செல்போன். சத்தமே இல்லாமல் வெளிச்சம் மட்டும் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. கங்காதரன் கையில் இருந்த போன் இன்னும் அவரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

எங்களைப் பார்த்ததும் அவருக்குக் கோபம்தான் வந்தது. "எத்தினி நேரம்டா? நாலு சேருக்கு எத்தினி பேராண்ட சண்ட போடறது? வா அத்தே, நீ குந்து. மொகமெல்லாம் இன்னா இப்படி கீது?"

நான் கைக்குட்டையை எடுத்துவிட்டு உட்கார்ந்தேன். யூசுப் கண்ணாடிக்கூட்டை எடுத்துவிட்டு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தான். கங்காதரன் நின்றுகொண்டே இருந்தான். "ஏன்டா சொல்லாம வந்தே?" என்றான்.

வேம்புலி கதவோரத்து நாற்காலியில் இருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அதிலேயே உட்கார்ந்தார். தண்ணீர் டம்ளரை எடுத்து முழுவதும் குடித்தார்.

"நெஞ்ச அடைச்சிச்சி மச்சான். வெளிய வந்துட்டேன். சோத்தாங்கைப் பக்கம் பாத்தேன், லைட்டு எரியுது. காலு ரெண்டும் அப்படியே நின்னுபோச்சி. எம்மாம் நேரம் நின்னேன்னு தெரியல. அப்பால பீச்சாங்கைப் பக்கம் திரும்பினேன். வாழமரம் கட்டிகீது. போயி இலைய கிள்ளிப் பாத்தேன்."

"கிள்ளிப் பாத்தியா?"

"சாறு வந்துச்சிடா. உள்ள வந்து எடம் புடிச்சேன். ஞாயித்துக்கெழம, எடம் போயிடாது?"

யூசுப் சிரிக்க ஆரம்பித்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டேன். வேம்புலி என் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பொண்ணு சொல்லிச்சே, கேட்டியா அத்தே? கூடைய கீழ வெக்கவே மாட்டேன்னு. எனக்கே தெரியாது. அதுல ஒண்ணும் இருக்காது அத்தே, காலி டிபன் டப்பாதான்." காலி டம்ளரை மேசையில் தள்ளி வைத்தார். "அந்தப் படத்த எப்போ கயட்டுவாங்கன்னு கேளு. ராஜி வந்து பாக்கணும். செவப்பு முடிச்சுகூட உடல அந்தப் பொண்ணு."

"அதையா காட்டப் போறீங்க மாப்ளே?" என்றேன்.

"அத்தத்தான். நான் எங்க கெடந்தேன்னு அவளுக்குத் தெரியும். இன்னாத்த புடிச்சிகினு கெடந்தேன்னு தெரியாது இல்ல?"

பரிமாறுகிற பையன் வந்து நின்றான். கங்காதரன் இன்னும் உட்காரவில்லை. அவன் எங்கே உட்காருவான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். யூசுப் சிரிப்பை நிறுத்திவிட்டு, "வேம்புலி, அது அவன் சீட்டுடா. நீ உள்ள போ" என்றான். வேம்புலிக்கும் அப்போதுதான் நினைவு வந்தது போலிருந்தது. துண்டைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தார்.

கங்காதரன் கதவைப் பார்த்தான். மாடிப்படியைப் பார்த்தான். பிறகு வேம்புலியின் தோளில் கையை வைத்து அவரை மறுபடி உட்கார வைத்தான். வெளியில் தொங்கிய சட்டையை உள்ளே செருகிக்கொண்டான். வயிற்றை எக்கிக்கொண்டு, யூசுப்பின் நாற்காலிக்குப் பின்னால் புகுந்து, மேசைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த அந்த உள் நாற்காலிக்குப் போனான். அதில் மின்னிக்கொண்டிருந்த செல்போனை எடுத்து வேம்புலியிடம் நீட்டினான். கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.